கடைசி வரிசைக்குக் கேட்கும்படி

என் மகளை நாடகம் கற்றுக்கொள்ள அனுப்பியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் என்று என்னைச் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு முடிந்திருந்தது. மதுரை கே.கே. நகரில் மே மாதம் பகல் பதினொரு மணிக்கு மேல் நாய்கூடத் தெருவில் நடக்காது. பிள்ளை நாளெல்லாம் போனைத் தடவிக்கொண்டு கிடந்தாள். அப்போதுதான் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடக முகாம், மூன்று வாரம், காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணிவரை. 'பேசக் கூச்சப்படும் குழந்தைகளுக்கு மிகவும் நல்லது' என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த வரிதான் என்னைக் கவிழ்த்தது.

வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள், வெளியாள் யாராவது ஏதாவது கேட்டால் உடனே என் முகத்தைப் பார்ப்பாள். "என்ன பாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூட என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அதை அடக்கம் என்று நினைத்து ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அடக்கமும் இல்ல, மண்ணும் இல்ல. புள்ளைய ஊமையா வளக்குறீங்க" என்றாள் என் மனைவி.

அவள் சொன்னது சரி. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது நான். அதற்குக் காரணம் இருந்தது.

மதுரையில் ஒரு கேள்வி உண்டு. "எந்த ஊரு?" பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார், டீக்கடையில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் கேட்பார்கள். மதுரைதான் என்று சொன்னால் விட மாட்டார்கள். "மதுரை சரி, பூர்வீகம்?" கொட்டாம்பட்டிப் பக்கம் என்றால், "கொட்டாம்பட்டில எங்கன?" கிராமத்தின் பெயரைச் சொன்னால், "ஊர்ல எந்தத் தெரு?" அந்த நாலாவது படியில் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஊர் ஒரு பக்கம் இருக்கும், காலனி ஒரு பக்கம் இருக்கும். நான் காலனியில் பிறந்தவன். என் அப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, அறுத்து, கட்டுச் சுமந்துதான் என்னைப் படிக்க வைத்தார். நான் இன்று ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வேன். எக்ஸ்ரே அறைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறபோது என்னை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. நெஞ்சுச் சளிதான் அவர்களுக்குக் கவலை.

நகரத்தில் காலனி என்ற சொல்லுக்கு அந்த வாடை கிடையாது. என் மனைவியின் அக்கா இருப்பது ஹவுசிங் போர்டு காலனி. அங்கே பூங்கா, ஊஞ்சல், வாசலில் வாட்ச்மேன் எல்லாம் உண்டு. என் மகளுக்குக் காலனி என்றால் அதுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எங்கள் தெரு முனையில் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, "பெரியம்மா வீடும் காலனி, நம்ம வீடும் காலனி" என்று குதித்தாள். நான் திருத்தவில்லை. எப்படித் திருத்துவது? எந்த வார்த்தையைப் போட்டு ஆரம்பிப்பது? அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம் காதில் விழாமலேயே இவள் வளர்ந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. "யாராவது ஊர் கேட்டா கே.கே. நகர்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா அப்பாவைப் பாரு" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அவள் எல்லாக் கேள்விக்கும் அப்பாவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நாங்கள் வாடகைக்கு இருப்பது ஒரு மாடி வீட்டில். கீழே வீட்டுக்காரர் இருக்கிறார். எழுபது வயதிருக்கும், உசிலம்பட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் மனசுக்குள் திட்டிவிட்டுப் போகலாம். என் மனைவிக்கு டெங்கு வந்தபோது நள்ளிரவில் காரை எடுத்தவர் அவர். தோட்டத்து முருங்கைக்காய் காய்த்தால் எங்களுக்கு ஒரு கட்டு வரும். அவரை நான் 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். 'ஐயா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே என் அப்பாவின் முதுகு வளைந்தது, அதனால் அந்தச் சொல் என் வாயில் வரக் கூடாது என்று ஒரு வைராக்கியம். வீடு பார்க்க வந்த அன்று அவர் ஊர் கேட்டார். கொட்டாம்பட்டிப் பக்கம் என்று நான் சொல்லும்போதே அவர் போன் அடித்தது. அன்றிலிருந்து நாலு வருஷமாக அந்த மூன்றாவது படியில் நின்றுகொண்டிருக்கிறோம். தொண்டையை இரண்டு தரம் கனைத்துவிட்டு, "ஆமா தம்பி, கொட்டாம்பட்டில எங்கன?" என்பார். நான் பின்கழுத்தைத் தடவிக்கொண்டு, "எல்லாம் மதுரைதான் சார். இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி, இல்ல?" என்பேன். மழைக்காலமாக இருந்தால் மழையைச் சொல்வேன். அவர் மறந்துவிடுவார், அல்லது மறந்தது போல் இருப்பார். எது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

முகாமுக்குப் போன முதல் நாலைந்து நாள் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஹாலில் எருமை போல் நடந்து காட்டினாள். அடிபடாமல் விழுவது எப்படி என்று கட்டிலிலிருந்து விழுந்து காட்டி என் மனைவியைப் பதற வைத்தாள். அங்கே சொல்லித்தருகிற பெண் முடியைக் குட்டையாக வெட்டியிருப்பாள், முப்பது வயதுகூட இருக்காது. பிள்ளைகளுக்கு அவள் 'அக்கா'. அக்கா கத்தக் கூடாது என்கிறாளாம், ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமாம். "கத்துறது தொண்டை. பேசுறது வயிறுப்பா" என்று என் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு 'அம்மா, இன்னொரு தோசை' என்பதையே அந்தக் குரலில்தான் கேட்டாள்.

இரண்டாவது வாரம் காய்கறி வண்டிக்காரரிடம் அவளே போய்த் தக்காளி வாங்கினாள். "அண்ணே, இது அழுகல், மாத்திக் குடுங்க" என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. என் வாழ்நாளில் அழுகலை மாற்றிக் கேட்டவன் இல்லை நான். வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டி எறிகிறவன்.

சந்தோஷம் இரண்டு நாள்தான் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். வழக்கம்போல் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினேன். அண்ணனோடு பேசும்போது என் பேச்சு தானாக மாறிவிடும். "எம்புட்டு மழைண்ணே பேஞ்சுச்சு? கண்மாய்ல தண்ணி நிக்கிதா? சரிண்ணே, கோயில் திருவிழாவுக்கு வாரேன்." பேசி முடித்துத் திரும்பினால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என் மகள் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்ற இங்க?"

"ஹோம்வொர்க்குப்பா."

லீவில் என்ன ஹோம்வொர்க் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் அவள் குளிக்கப் போனபோது அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில், 'வீட்டில் ஒருவரை ஒரு வாரம் கவனிக்கவும். அவருக்குத் தெரியக் கூடாது' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவள் கையெழுத்து.

'அப்பாவுக்கு மூணு குரல். ஆஸ்பத்திரிக் குரல், வீட்டுக் குரல், மாடிக் குரல். மாடிக் குரல்தான் நல்லா இருக்கு. அதை யாருக்கும் காட்ட மாட்டார். ஊர் கேட்டா வலது கையால பின்கழுத்தைத் தடவுவார். சிரிப்பார், ஆனா கண்ணு சிரிக்காது. அப்புறம் வெயில் பத்திப் பேசுவார். ஏன்னு தெரியல.'

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். பயமா, வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான நெஞ்சுக்கூடுகளை நான் படம் பிடித்திருக்கிறேன். என்னை ஒரு பிள்ளை நோட்டில் பிடித்துவிட்டது.

அன்று ராத்திரி மனைவியிடம், "நாளையிலேர்ந்து முகாமுக்கு அனுப்ப வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"வெயில் ஜாஸ்தியா இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவளும் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவள்தான். "அவகிட்ட என்ன காரணம் சொல்வீங்க? அதைச் சொல்லுங்க, நிறுத்திருவோம்" என்றாள்.

காரணம் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் நிறுத்தப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அடுத்த நாள் நானே அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். போகிற வழியில், "நீ அப்பாவை நடிக்காத, அம்மாவை நடியேன்" என்று சும்மா சொல்வது போல் சொல்லிப் பார்த்தேன்.

"நோட்டைப் படிச்சிட்டீங்களா?" என்றாள். கோபம்கூட இல்லை. "அம்மா எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்காங்கப்பா. அவங்களை நடிக்க ஒண்ணும் இல்ல."

கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெற்றோரைக் கூப்பிட்டு நாடகம் போட்டார்கள். பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. என் பழைய நீலச் சட்டையைக் காலையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். மனைவி முன்வரிசைக்குப் போய்விட்டாள். நான் பின்னால், கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ தொண்டையை இரண்டு தரம் கனைத்தார்கள். வீட்டுக்காரர்.

"பேரனும் நடிக்கிறான் தம்பி" என்றார். சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேரன். அவனும் இதே முகாமுக்குத்தான் போகிறான் என்பது எனக்குத் தெரியும். அவன் யாரைக் கவனித்து நோட்டில் எழுதியிருப்பான் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. எவ்வளவு பெரிய மடையன் நான்.

மேடையில் ஒரு பஸ் ஸ்டாப். பஸ் வரவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். சீரியல் கதை சொல்லிக்கொண்டே வருகிற அம்மா, போனில் யாரையோ அதட்டுகிற மாமா. அப்புறம் என் மகள் வந்தாள். நீலச் சட்டை முழங்கால் வரை தொங்கியது. பையில் பேனா, கையில் ஒரு பெரிய எக்ஸ்ரே கவர். நான் நடக்கிற மாதிரியே சுவரோரமாக நடந்து வந்து ஓரத்தில் நின்றாள். நான் அப்படி ஓரமாக நடக்கிறேன் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அடுத்து வேட்டி கட்டிக்கொண்டு அந்தப் பேரன் வந்தான். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுத் தொண்டையை இரண்டு தரம் கனைத்தான்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மதுரைதான் சார்."

"மதுரை சரி, பூர்வீகம்?"

"கொட்டாம்பட்டிப் பக்கம் சார்."

"கொட்டாம்பட்டில எங்கன?"

அவள் கை பின்கழுத்துக்குப் போனது. "எல்லாம் மதுரைதான் சார். இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி, இல்ல?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. பேரன் விடவில்லை, திரும்பக் கேட்டான். அவள் மழையைச் சொன்னாள். மறுபடியும் கேட்டான். மார்கழிப் பனியைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு கூடியது. அந்தக் கேள்வி எல்லோருக்கும் தெரியும். கேட்டவர்களும் சிரித்தார்கள், கேட்கப்பட்டவர்களும் சிரித்தார்கள். பக்கத்தில் வீட்டுக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எழுந்து வெளியே போய்விடலாமா என்று கதவைப் பார்த்தேன். மேடைக்கு ஓடிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உட்கார்ந்திருந்தேன், வேறு என்ன செய்ய முடியும்.

"அது கெடக்கட்டும் தம்பி. ஊர்ல எந்தத் தெரு?"

நாலாவது படி. ஹால் அமைதியாகிவிட்டது. நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். பிறகு அவள் நிமிர்ந்தாள். ஒரு கையைத் தூக்கி, அச்சு அசல் என் ஆஸ்பத்திரிக் குரலில், "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க" என்றாள். பேரன் கன்னத்தை உப்பிக்கொண்டு சிலையாக நின்றான். அவள் கவரை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்து, பஸ் வந்துவிட்டது போல் அதில் ஏறிப் போய்விட்டாள். "விடுங்க" என்று சொல்லவே இல்லை.

கைதட்டல் அடங்க ரொம்ப நேரமானது. நானும் தட்டினேன். கண்ணில் தண்ணீர் நின்றது. அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தது பாதி அவமானம்தான். மீதி, என் பிள்ளை என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்கிற எண்ணம். நாலு வருஷம் வெயிலையும் மழையையும் சொல்லித் தப்பித்தவனுக்கு இப்படி ஒரு வழி தோன்றவே இல்லையே.

"நான் இப்பிடியா தம்பி கேக்குறேன்?" என்றார் வீட்டுக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

"சேச்சே, பிள்ளைங்க சும்மா செய்யுதுங்க சார்."

"அந்தப் பய என்னைய அப்பிடியே உரிச்சு வச்சிருக்கான்" என்றார். அவருக்குப் பெருமைதான்.

வெளியே வேப்பமரத்தடியில் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். பெற்றோர்கள் கூட்டமாக நின்றார்கள். சட்டை வியர்வையில் ஒட்ட என் மகள் ஓடி வந்தாள். வீட்டுக்காரர் அவள் தலையில் கை வைத்தார். மனசாரத்தான் வைத்தார், நான் பார்த்தேன்.

"பிரமாதம் தாயி. என் வயித்தையே புண்ணாக்கிட்ட. சரி, நாடகம் முடிஞ்சு போச்சு, இப்ப நெசமாச் சொல்லு. அப்பாவுக்கு எந்த ஊரு?"

மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் அவள் என் முகத்தைப் பார்த்திருப்பாள். பார்ப்பாள் என்றுதான் நானும் நம்பினேன். கண்ணாலேயே சொல்லிவிடலாம் என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பவில்லை. அவர் கண்ணைப் பார்த்தாள். காலை அகட்டி நின்று, வயிற்றிலிருந்து குரலெடுத்து, எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னாள்.

"ஆனா ஊருக்குள்ள இல்ல தாத்தா. நாங்க காலனி."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. பூங்காவும் ஊஞ்சலும் அந்த முகத்தில் தெரிந்தன. ஜூஸ் டம்ளர்களோடு நின்றவர்களில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்கள்.

அவள் தலைமேல் இருந்த அவர் கை அப்படியே இருந்தது. எடுக்கவும் இல்லை, தடவவும் இல்லை. என்னைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். தொண்டையை ஒரு தரம்தான் கனைத்தார்.

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்திதான், என்ன தம்பி" என்றார். அப்போது மணி ஆறரை.

என் மகள் கலகலவென்று சிரித்தாள். "தாத்தா, அது எங்க அப்பா டயலாக்."

அவரும் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. அதைக் கவனிக்க எனக்கும் இப்போது தெரிந்திருந்தது. "வாரேன் தம்பி" என்று பேரனைக் கூட்டிக்கொண்டு போனார். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று பேரும் ஒரே வண்டியில் திரும்பினோம். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீ சொன்ன அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று ஆரம்பிக்கலாம். ஆரம்பித்தால், இனி அவளும் பின்கழுத்தைத் தடவுவாள். ஆரம்பிக்காவிட்டால், நாளைக்கு யாராவது எங்கேயாவது வேறு விதமாகச் சொல்லித்தருவார்கள். வழி முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். அவள் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஜூஸில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு வந்தாள்.

கேட்டைத் திறந்தோம். வாசலில் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் நின்றது. சாயங்காலமானால் எப்போதும் திறந்து கிடக்கும் கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஏசி போட்டிருக்கலாம். வெயிலுக்குச் சாத்தியிருக்கலாம்.

படியில் பாதி ஏறியவள் நின்று, திரும்பி, அதே வயிற்றுக் குரலில் கேட்டாள். "அப்பா, நான் பேசினது கடைசி வரிசைக்குக் கேட்டுச்சா?"

"மெதுவா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கேட்டுச்சு தாயி" என்றேன். "எல்லாருக்கும் கேட்டுச்சு."